வெள்ளிக்கிழமை நண்டும் சனிக்கிழமைக் கீரையும்

காலையில் பிரஷர் குளிசை, இரவில் கொழுப்புக் குளிசை என்று காலம் தள்ளும் என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. கடைசியாக யாரை முழு மனதோடு வெறுத்தீர்கள்? பிரதமர், மருமகன், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் இதில் சேராது. நித்திரையில் பல்லைக் கடிக்க வைக்கும் சுத்தமான வெறுப்பைக் கேட்கிறேன். எனக்கு அது பத்து வயதில் ஒருமுறை வாய்த்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் தண்ணீர் கலந்தது.

ஊரெல்லாம் கலர் டிவி வந்துகொண்டிருந்த கோடை அது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. சிட்னியின் மேற்குப் பக்கத்தில் அன்றிருந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணினால் விரல் மிஞ்சும். இன்றைக்கு மேய்ஸ் ஹில் கோயிலில் கார் விட இடமில்லாமல் மூன்று தரம் சுற்றிவிட்டு முருகனோடு கோபித்துக்கொள்கிறீர்களே, அன்று எங்களுக்கு இருந்த முருகன் ஒரு கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தார். அந்தச் சட்டம் ஒரு அங்கிளுக்குச் சொந்தம்.

படம் அவருடையது. ஆகவே பூசையும் அவருடையது. நாங்கள் பிள்ளைகள் அவரைப் பூசை அங்கிள் என்போம். அப்பாவோடு ஒரே கந்தோரில் வேலை; தண்ணீர்க் குழாய்களுக்குப் படம் கீறினார். மனைவி இன்னும் யாழ்ப்பாணத்தில். இங்கே ஒரு கிழவியின் வீட்டில் பின்னறை எடுத்திருந்தார். கார் இல்லை. ஆகையால் எங்கள் காரின் முன் இருக்கையும் அவருடையதே.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சாரணப் பொடியன்கள் கூடும் ஒரு தகரக்கூரை மண்டபத்தில் பூசை நடக்கும். சுவர் முழுக்கக் கயிற்று முடிச்சுகளின் படங்கள். அவற்றுக்குக் கீழே ஒரு மேசையில் முருகன். அங்கிள் தீபம் காட்டுவார். அம்மா தேவாரம் பாடுவார்.

அம்மா பாடுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஊரில் அவர் ரீச்சர். இங்கே சேட்டுக்குக் கொலர் தைக்கும் தொழிற்சாலை. அங்கே அவருடைய பெயரை யாருக்கும் முழுதாகச் சொல்ல வராததால் முதல் எழுத்தை மட்டும் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு மாதம் முழுக்க ஒற்றை எழுத்தாக இருந்த மனுசி, அந்தப் பத்து நிமிடம் கண்ணை மூடிப் பாடும்போதுதான் ஒரு முழு ஆளாக நிமிர்வார். அந்தப் பத்து நிமிடத்தைப் பறிகொடுக்க வைத்தவன் யார் தெரியுமா? நான்தான். வெறுப்பைப் பற்றிப் பேச வந்துவிட்டு இதை ஒளிப்பது சரியில்லை.

அதற்கு முதல், நாங்கள் சாப்பிடப் போகும் கடையைச் சொல்கிறேன்.

பரமட்டாவுக்குப் போகும் பெருந்தெருவிலிருந்து உள்ளே திரும்பினால், முன்பு பாலும் மிட்டாயும் விற்ற மில்க் பார் ஆக இருந்த ஒரு கடை. பழைய பெயர்ப்பலகையைக்கூடக் கழற்றவில்லை. ஆறு மேசை, செம்மஞ்சள் நிற வினைல் கதிரைகள். அரைக் காற்சட்டையோடு இருந்தால் எழும்பும்போது தொடைத்தோல் கதிரையோடு நின்றுவிடும். குசினி வாசலில் மணிகள் கோத்த ஒரு திரை. யார் போனாலும் வந்தாலும் கலகலவென்று சிரிக்கும். கடைக்காரர் கறுப்பு அமெரிக்கர். வியட்நாம் யுத்தத்தில் ஒரு வார லீவில் சிட்னிக்கு வந்து ஒரு பெண்ணைக் கண்டார். யுத்தம் தன்னை விட்டதும் நேரே அவளிடம் திரும்பி வந்துவிட்டார். மனைவி வடகரையோரத்து மீன்பிடிக் குடும்பம். என்னைவிடச் சின்னவளாய் ஒரு மகள். மூன்று பேரும்தான் கடை. மீன் மனைவியின் ஊர்ச் சாப்பாடு, மற்றதெல்லாம் அவருடைய தாய் சமைத்த சாப்பாடு.

சோளமாவில் புரட்டிப் பொரித்த மீன். உள்ளங்கை நீள இறால். சோள ரொட்டி. சோறு. சோற்றோடு, நம்பமாட்டீர்கள், கௌபிப் பயறும் வெண்டிக்காயும்! சிட்னியில் வெண்டிக்காயைக் கண்ணால் காணாத காலம். முதல் நாள் அம்மா ஒரு துண்டைக் கரண்டியில் தூக்கி, தொலைந்த உறவுக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் அங்கேதான்.

எங்கள் பெரியவர்கள் கடைக்காரரைக் குறிப்பிட ஒரு சொல் வைத்திருந்தார்கள். அவருக்கு முன்னால் சொல்வார்கள், தமிழ் தெரியாதே! அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதைக் கேட்டு வீட்டுக்கு வந்து அழுவோம். பிறகு கை கழுவி, காரில் ஏறி, அந்த மனிதர் பொரித்த மீனைத் தின்றுகொண்டே அவருக்கு வைத்த சொல்லுக்குச் சிரிப்போம். எங்களுக்கு அதில் ஒரு குழப்பமும் இருக்கவில்லை.

பூசை அங்கிளும் எங்களோடு வருவார். சுத்த சைவம். மேசையின் தொங்கல் முனையில் இருந்து, மீன் பக்கம் தெரியாதபடி சாப்பாட்டு அட்டையை மதில்போல நிறுத்தி வைப்பார். மதிலுக்கு அந்தப் பக்கம் சோறு, கௌபி, ஒரு மலை கீரை. சில்வர்பீட்தான். மணிக்கணக்காக அவிந்து, கறுத்து, மினுங்கிக்கொண்டிருக்கும்.

"கீரையெண்டால் இதெல்லோ கீரை," என்பார் கண்ணை மூடி. "உங்கட மீன் நாத்தத்துக்குள்ள இருந்தும் நான் வாறனெண்டால் இதுக்குத்தான்."

அம்மா கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளி வைப்பார்.

அந்த வருடம் மார்கழி தொடக்கத்தில், இங்கே கோடை தொடங்கும் நேரம், ஒரு வெள்ளிக்கிழமை கடைக்காரரின் மனைவி அம்மாவுக்குப் போன் எடுத்தார். அவருடைய தமையன் வடக்கிலிருந்து ஒரு சாக்கு நிறையக் களப்பு நண்டு கொண்டுவந்திருந்தான். அம்மா முன்பு ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டுக் கொடுத்த யாழ்ப்பாணத் தூளில் அதைச் சமைத்துவிட்டாராம். சரியாக வந்திருக்கிறதா என்று அம்மா வந்து பார்க்க வேண்டுமாம்.

அப்பா தயங்கினார். "இண்டைக்கு வெள்ளியெல்லோ."

"ஆசையாச் சமைச்சுப்போட்டு வாசலில நிக்கிற மனிசியிட்ட, இண்டைக்கு வெள்ளி, மச்ச மாமிசம் தொடமாட்டம் எண்டதை இங்கிலீசில எப்பிடிச் சொல்லுறது? சொல்லுங்கோ பாப்பம்," என்றார் அம்மா.

அப்பா கார்ச் சாவியை எடுத்தார்.

மேசையில் பத்திரிகை விரித்திருந்தது. அம்மா முள்ளுக்கரண்டியை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கையால் உடைத்தார். கடைக்காரர் அதைப் பார்த்துத் தன் முள்ளுக்கரண்டியையும் தூக்கி வைத்தார். தன் தாயும் கையால்தான் சாப்பிடுவாள் என்றார். கால் ஒவ்வொன்றாகச் சூப்பி, தூள் கொஞ்சம் காணாது, ஆனால் உப்புச் சரி என்று அம்மா தீர்ப்புச் சொன்னார். கடைக்காரரின் மனைவி கைதட்டினார். அம்மாவின் முழங்கை வரை குழம்பு வழிந்தது. அம்மா வெளியிடத்தில் வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

அடுத்த வெள்ளி பூசை. மண்டபத்தில் கதிரை அடுக்கும்போது அங்கிள் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"என்ன தம்பி, போன கிழமை விசேசமோ?"

"நண்டு, அங்கிள்! இவ்வளவு பெரிசு!" கையை விரித்துக் காட்டினேன்.

"ஓ... எப்ப?"

"வெள்ளிக்கிழமை! அம்மா மூண்டு பெரிய கால் சாப்பிட்டவ!"

எண்ணிக்கையையும் சொன்னேன் பாருங்கள். எதிரி கேட்காத தகவலையும் சேர்த்துக் கொடுத்த ஒற்றன் நான்.

தீபம் முடிந்தது. அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார். அங்கிள் கையை உயர்த்தினார்.

"இருங்கோ தங்கச்சி. இண்டைக்குக் கசட்டில போடுவம்." பிறகு எல்லோர் பக்கமும் திரும்பினார். "வெள்ளிக்கிழமையில நண்டு திண்ட வாயால முருகனைக் கூப்பிடேலாது. ஆரெண்டு நான் சொல்லேல்லை."

சொல்லத் தேவையிருக்கவில்லை. நின்றுகொண்டிருந்தவர் ஒருவர்தான்.

இதற்கு மேல்தான் கொடுமை. அவர் போட்ட கசட்டில் பாடியது யார்? அம்மாவேதான். தன் மனைவிக்கு அனுப்புவதற்காக ஐப்பசிப் பூசையில் அங்கிள் பதிந்து வைத்தது. அது நண்டுக்கு முந்திய குரல், சுத்தமான குரல். ஆள்தான் இப்போது கூடாது. அம்மா கதிரையில் இருந்து தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா சுவரில் இருந்த முடிச்சுப் படங்களைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் பார்த்தார்.

அன்றைக்கும் அங்கிள் எங்கள் காரின் முன் இருக்கையில்தான் வந்தார். அவரை இறக்கிவிட்ட பிறகு அப்பா சொன்னார், "விடும். இருக்கிற நாலு பேரோட சண்டை பிடிச்சு என்ன செய்யிறது?" அம்மா சமைக்கும்போது வாய்க்குள் ஏதாவது முணுமுணுத்துப் பாடுவார், அது நின்றுபோயிற்று. தையில் வந்த பூசையிலும் கசட்தான். என்னிடம் அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் இவ்வளவு கொடியவனாக மாறியிருக்கமாட்டேன்.

சனிக்கிழமைகளில் பின் இருக்கையில் இருந்து அங்கிளின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வருவேன். அந்தக் கழுத்துக்கு நான் செய்யாத சித்திரவதை இல்லை, மனதுக்குள். செயலில் செய்தது ஒன்றுதான். தைப் பூசையின்போது வாசலில் கழற்றி வைத்திருந்த அவருடைய வலது சப்பாத்தைத் தூக்கி மண்டபத்துக்குப் பின்னால் ஓடிய ஓடைக்குள் எறிந்தேன். மண்ணிறம், முன்பக்கம் கூர். எறிந்துவிட்டு வீரனைப்போல உள்ளே வந்து திருநீறு பூசிக்கொண்டேன்.

பூசை முடிந்து வந்தால் அங்கிள் குந்தியிருந்து தன் இரண்டு சப்பாத்தையும் ஆறுதலாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா ஒற்றைக் காலில் நிற்கிறார். இரண்டு பேரும் கந்தோருக்குப் பக்கத்தில் ஒரே மலிவு விற்பனையில் ஒரே சோடி வாங்கியிருக்கிறார்கள்!

"இந்த நாட்டில ஒருத்தரையும் நம்பேலாது," என்றார் அங்கிள் அனுதாபத்தோடு.

அப்பா வலக்காலில் மேஸ் காலுறையோடு மட்டும் கார் ஓட்டி வீட்டுக்கு வந்தார். கண்மூடும்வரை அவருக்கு உண்மை தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

ஆயுதம் கிடைத்தது தை முடியும் ஒரு சனிக்கிழமை. பெரியவர்கள் சாப்பாட்டுக்குக் காத்திருந்தபோது கடைக்காரரின் மகள் என்னைக் குசினிக்குள் கூட்டிப்போனாள். அடுப்பில் ஒரு பெரிய சட்டி. அவள் அகப்பையால் கிண்டினாள். கீரைக்குள்ளிருந்து, முதலை தலை தூக்குவதுபோல, ஏதோ ஒன்று மேலே வந்தது. பெரிய எலும்பு, தோலோடு.

"அதென்ன?" என்று கேட்டேன். எங்கள் பேச்செல்லாம் ஆங்கிலம்.

"பன்றிக்கால். புகையில் வாட்டினது."

"கீரைக்குள்ள ஏன் கிடக்கு?"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அது இல்லாமல் எப்படிக் கீரை?"

எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தானாம். கௌபியும் அப்படித்தானாம். அவள் தகப்பனுக்கு அதில் மறைக்க ஒன்றுமில்லை; யாராவது கேட்டிருந்தால் எந்த இறைச்சிக்கடைக் கால் என்றுகூடச் சொல்லியிருப்பார். நாங்கள்தான் கேட்கவில்லை. மீனுக்குள் என்ன, வடைக்குள் என்ன என்று துருவித் துருவிக் கேட்பவர்கள், கீரைக்குள் என்ன என்று கேட்கமாட்டோம். எங்கள் ஆட்களுக்குக் கீரைக்குள் கீரைதான்.

மணித்திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். அங்கிள் மதிலைக் கட்டி முடித்து, முதல் வாயை எடுத்துக் கண்ணை மூடினார்.

"அங்கிள்," என்றேன். "அந்தக் கீரைக்குள்ள..."

மேசைக்குக் கீழே என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. உயிர் ஒருமுறை போய்த் திரும்பி வந்தது.

"அங்கிளுக்கு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லுறான்," என்றார் அம்மா. கிண்ணத்தை எடுத்து அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் இரண்டு அகப்பை வைத்தார். "வடிவாச் சாப்பிடுங்கோ, அண்ணை."

"போதும், போதும்... சரி, அந்தக் கரையில கிடக்கிற கொஞ்சத்தையும் போடுங்கோ."

நான் அம்மாவின் கோப்பையைப் பார்த்தேன். சோறு, மீன், வெண்டிக்காய். கீரையும் இல்லை, கௌபியும் இல்லை. எத்தனை மாதமாக இல்லை என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குசினியில் அம்மாவைப் பிடித்தேன். "உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"முதல் சனிக்கிழமையே மணத்தில பிடிச்சனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"பாவம், அறையில பாணும் ஜாமும் திண்டு கிடக்கிற மனிசன், கிழமையில ஒரு நாள் வாய்க்கு ருசியாச் சாப்பிடட்டும் எண்டு சொல்லேல்லை."

"பிறகு? அவர் உங்களைப் பாட விடாத பிறகு?"

அம்மா துணியை முறுக்கிப் பிழிந்து கொடியில் போட்டார். "பிறகும் சொல்லேல்லை."

ஒரு மாதத்துக்கு மேலாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மா அந்தக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிய விதத்தில் ஒரு மாற்றமும் இருக்கவில்லை. அதே கை, அதே சிரிப்பு. உள்ளே இருந்ததுதான் வேறு.

"நான் சொல்லட்டோ அம்மா? பூசையில, எல்லாருக்கும் முன்னால?"

"வாயைப் பொத்திக்கொண்டு இரு. போன தரம் நீ வாய் திறந்து என்ன நடந்தது? இது என்ர அலுவல்."

மாசிப் பூசை. தீபம் முடிந்தது. ரேப் ரெக்கோடருக்குப் பக்கத்தில் முன்வரிசையில் நான் இருந்தேன். அங்கிள் குனிந்து பொத்தானில் விரலை வைத்தார். அம்மா எழும்பி வந்தார். கையில் நாலாக மடித்த ஒரு தாள்.

"அண்ணை, ஒரு நிமிசம்."

"என்ன தங்கச்சி, நேரம் போகுது."

"உங்களுக்கு விருப்பமான கீரைக்குக் கடைக்கார மனிசியிட்டக் கேட்டுப் பக்குவம் எழுதிக்கொண்டு வந்தனான். பூசை முடிய எல்லாருக்கும் வாசிக்கலாமெண்டு. ஒருக்கால் சரி பாருங்கோ."

அம்மாவின் குரல் பால் வாங்கப் போகிறவரின் குரல்போல இருந்தது. பின்வரிசைக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அங்கிள் எரிச்சலோடு கண்ணாடியைப் போட்டார். விரல் வரி வரியாக இறங்கியது. சில்வர்பீட் மூன்று கட்டு. வெங்காயம் இரண்டு. மூன்றாவது வரியில் விரல் நின்றது. பிறகு முதல் வரிக்குப் போய்த் திரும்ப இறங்கி அதே இடத்தில் நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அதைப் போல ஒரு அழகான காட்சியை நான் இன்றுவரை காணவில்லை. என் பிள்ளைகள் பிறந்ததை எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"இது... இண்டைக்கு நேற்றோ, இல்லாட்டி..."

"எல்லாச் சனியும் இதுதான், அண்ணை. நீங்கள் கரையில கிடந்ததையும் கேட்டு வாங்கினதும் இதுதான்."

நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கு நுனிவரை வந்தது.

"முருகா," என்றார். அந்த வாயால்தான் கூப்பிட்டார்.

"சொல்லுங்கோ அண்ணை," என்றார் அம்மா. "வாசிக்கட்டோ, பாடட்டோ?"

அங்கிள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். "பாடுங்கோ," என்றார். அவருடைய குரல்தான் இப்போது கசட்டிலிருந்து வருவதுபோல இருந்தது.

அம்மா பாடினார். இரண்டு மாதம் திறக்காத தொண்டை, தொடக்கத்தில் கொஞ்சம் கரகரத்தது. பிறகு தகரக்கூரை அதிர்ந்தது. வழக்கமாக இரண்டு தேவாரம் பாடுவார், அன்று ஐந்து. வழக்கமாகக் கண்ணை மூடிப் பாடுவார், அன்று திறந்திருந்தார். முருகனைப் பார்க்கவில்லை. அங்கிளைப் பார்த்தார்.

அடுத்த மூன்று சனிக்கிழமையும் அங்கிள் வரவில்லை. விரதம் என்று அப்பாவிடம் சொன்னாராம். முன் இருக்கையில் நான் இருந்தேன். இப்போது யோசித்தால், தனக்கென்று யாருமில்லாத ஒரு வீட்டின் பின்னறையில், கையில் ஜாம் போத்தலோடு, தன் சுத்தத்தைத் தவிர வேறு சொத்தில்லாத ஒரு மனிதன் இருந்திருப்பது தெரிகிறது. அதையும் நாங்கள் பிடுங்கிவிட்டோம். இதை விளங்கிக்கொள்ளும் வயது எனக்கு வந்துவிட்டது. விளங்கினால் மன்னிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவர்களுடைய வீட்டு வாசலில் சப்பாத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நாலாவது சனிக்கிழமை வந்தார். அப்பா ஒன்றும் தெரியாதவராக மீனைப் பற்றிப் பேசினார். அங்கிள் மெலிந்திருந்தார். மதில் கட்டவில்லை. வெறும் சோள ரொட்டியைக் கொறித்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் வந்து தோளில் கை வைத்தார். சுகமில்லையா, என் கீரையில் ஏதும் பிழையா என்று உண்மையான கவலையோடு கேட்டார். அங்கிள் தலையை மட்டும் ஆட்டினார். அது ஆமாவுமில்லை, இல்லையுமில்லை.

அம்மா எழும்பிக் குசினிக்குள் போனார். மணித்திரை சிரித்தது. திரும்பி வந்தபோது இரண்டு கையாலும் கிண்ணத்தைத் தூக்கி வந்தார். ஆவி பறந்தது. அந்த மணம் மேசையைச் சுற்றி வந்து எல்லோருக்கும் முன்னால் ஒருமுறை நின்று போனது.

"போடட்டோ, அண்ணை?"

அங்கிள் கிண்ணத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கண்ணைத் தாழ்த்தவில்லை. அப்புறம், மெல்ல, மிக மெல்ல, ஒரு விரலால் கோப்பையை அம்மா பக்கம் தள்ளினார்.

அம்மா நிரம்பப் போட்டார். எலும்போடு.